ஆப்பிரிக்க படாக் மரத் துண்டுகளை வைத்து வீட்டிலேயே சின்னச் சின்னப் பொருட்கள் செய்யலாமா? அந்தச் சிவப்பு அப்படியே நிற்குமா?

செய்யலாம். சிவப்பு நிற்காது.

இரண்டாவதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நானும் ஒருவரிடம் சொல்லாமல் விட்டு மாட்டிக்கொண்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், எங்கேயோ கதவு நிலை செய்யும் பட்டறையில் மிச்சம் விழுந்த துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள், புதிதாக அறுத்த முகம் செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த மாதிரி பளீரென்று இருந்திருக்கும், மனசு கேட்காமல் வாங்கி வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். நான் இருப்பது கோத்தகிரி பக்கம். மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் துண்டு மரத்தை எடை போட்டுத் தருவார்கள். படாக் கேமரூன், காபோன், காங்கோ பக்கத்துக் காடுகளில் வளர்வது. நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் ஒரே பேரினம், மூன்றுமே டெரோகார்ப்பஸ். அந்தமான் படாக், பர்மா படாக் என்று கடைகளில் சொல்வதும் இதே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு மரம். வாங்கும்போது எந்தப் படாக் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதே ஒருவர் வந்து, "நம்ம ஊர் மரம் இருக்கும்போது ஆப்பிரிக்காக் காட்டை அழித்து வந்த மரம் எதுக்கு?" என்று கீழே எழுதுவார். நியாயமான கேள்விதான். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2022இல் பனாமாவில் நடந்த அதன் மாநாட்டில் ஆப்பிரிக்காவின் டெரோகார்ப்பஸ் மரங்கள் அத்தனையையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கட்டையோ பலகையோ நாடு விட்டு நாடு போக அனுமதிச் சான்று வேண்டும். அதனால்தான் நான் முழுப் பலகை வாங்குவதில்லை. வேறு எதற்கோ வந்து, அறுத்து முடித்து, மிச்சம் விழுந்த துண்டைத்தான் எடுக்கிறேன். நான் எடுக்காவிட்டால் அது பேக்கரியின் வர்க்கி அடுப்புக்குள் போகும். நம்ம ஊர் ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்யலாமே என்றால், அதைப் பட்டா நிலத்தில் வெட்டவே அனுமதி வேண்டும் என்று 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆகவே அந்தச் சண்டையை என்னோடு போட வேண்டாம்.

சரி, கதை.

என் அப்பா ஆசாரி. தேயிலை ஃபேக்டரிகளில் வாடல் தொட்டிக்குச் சட்டம் அடிப்பது, கதவு, ஜன்னல், எஸ்டேட் பங்களாக்களில் பழைய நாற்காலிக்குக் கால் மாற்றுவது, இதுதான் அவர் பிழைப்பு. எனக்குப் பலகையின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை மட்டும்தான். "கையை எடு பாப்பா, உளி பட்டுடும்" என்பார். அண்ணனுக்குக் கொடுத்தார், அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டான். அப்பா போன பிறகு அவருடைய இழைப்புளியை எடுத்து நானே தீட்டி, நானே கெடுத்து, நானே கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. பெட்டி, சிமிழ், பல்லாங்குழி, பேனா, சாவி மாட்டும் பலகை எல்லாம் செய்கிறேன்.

ஆறு வருடம் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம், சீர் வரிசையில் வைக்க நகைப்பெட்டி வேண்டும். நான் அன்றைக்கு இழைத்து வைத்திருந்த படாக் துண்டைக் கையில் எடுத்தார், கீழே வைக்கவே மனசில்லை அவருக்கு. "இதே சிவப்பு வேணும்மா, சாயம் எதுவும் போட வேண்டாம்" என்றார். சாயம் எதுக்கு, மரமே இந்த நிறம்தான் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

அந்தப் பெட்டிக்கு நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. படாக் அவ்வளவாக முறுக்காத, சுருங்காத மரம், பசையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நார் சில இடத்தில் எதிரும் புதிருமாக ஓடும். இழைப்புளித் தகட்டைத் தலைமுடி கனத்துக்கு மட்டும் வெளியே நீட்டி, கத்தியைத் திரும்பத் திரும்பத் தீட்டினால்தான் பிய்யாமல் வரும். மூடிக்கு நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் (பள்ளத்தில்) பசை போடாமல் சும்மா செருகினேன். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று நனைந்த துணி மாதிரி இருக்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்று நின்றால் மரம் 16 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் வெயிலுக்குப் போனால் அதை விட்டுவிடும். ஒட்டி வைத்திருந்தால் பலகை பிளந்திருக்கும். அந்த விஷயத்தில் பெட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆடியில் அந்த அம்மா பெட்டியோடு வந்து நின்றார். கூட மகளும் மருமகனும். துணியை விலக்கி மேசைமேல் வைத்தார். எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. காப்பித் தூள் நிறத்துக்கு, லேசான ஊதா ஓடின பழுப்புக்குப் போயிருந்தது. "சாயம் போட்டு ஏமாத்திட்டீங்களேம்மா" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மருமகன்தான் ஃபோனில் பழைய படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார்.

எனக்குக் கை நடுங்கியது. பெட்டியைத் திருப்பப் போனவள், மூடியின்மேல் ஒன்றைப் பார்த்தேன். ஓரமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. "இங்க என்ன வச்சிருந்தீங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "குங்குமச் சிமிழ், அக்கா. கல்யாணத்துல இருந்து அங்கேயேதான் இருக்கு" என்றாள். பெட்டி எங்கே இருக்கும்? ஜன்னல் ஓரத்து மேசையில். அவ்வளவுதான் விஷயம். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் இருண்டுவிட்டது, சிமிழின் அடியில் வெளிச்சம் படாததால் அது மட்டும் தப்பித்தது.

பெட்டியின் அடிப்பலகையைத் திருப்பி வைத்து, அப்பாவின் இழைப்புளியால் ஒரே ஒரு சீவல் எடுத்தேன். வெங்காயத் தோல் கனம்தான் இருக்கும். அடியில் அதே செஞ்சிவப்பு. அந்தப் பெண் விரலால் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டின தூளையும் பார்த்தாள். மருமகன் பேச்சை நிறுத்தினார். அந்த அம்மா மட்டும் கேட்டார்: "அப்ப இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மரம் கருக்கும் என்று ஓரளவு தெரியும், ஆறே மாதத்தில் இவ்வளவு போகும் என்று தெரியாது. தெரிந்ததையாவது சொல்லியிருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. மூடியை மட்டும் இழைத்துத் தரச் சொன்னார்கள், இழைத்துக் கொடுத்தேன், ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னேன். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான், என்ன வார்னிஷ் அடித்தாலும் அது தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது என்பதையும் இந்த முறை சொன்னேன்.

அன்றிலிருந்து என் பட்டறையில் இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று அன்றன்றைக்கு இழைத்தது, இன்னொன்று இரண்டு வருடம் வெயிலில் கிடந்தது. யார் படாக் கேட்டாலும் இரண்டையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் விலை சொல்வேன். பாதிப் பேர் வேண்டாம் என்று போய்விடுவார்கள், போகட்டும். எனக்கு இப்போது அந்தக் கருத்த நிறம்தான் பிடிக்கிறது, பழைய ஈட்டி மேசையின் சாயல் அதில் உண்டு.

அடுத்தது பாலிஷ். இதிலும் ஒரு பல்லாங்குழியை நான் நாசமாக்கியிருக்கிறேன். குழிப்பலகை சில்வர் ஓக், சுற்றிலும் படாக் பட்டி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்தேன், அப்பா தேக்குக்குச் செய்கிற மாதிரி. இரண்டாவது இழுப்பிலேயே படாக்கின் சிவப்பு துணியில் ஏறி, வெளுத்த சில்வர் ஓக் முழுக்க ரோஸ் நிறம். இந்த மரத்தின் நிறமி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். காங்கோவின் குபா மக்கள் இந்த வகை மரத்தை அரைத்து எடுத்த சிவப்புத் தூளைத் துக்குலா என்று சடங்குகளில் உடம்பில் பூசுவார்கள். அவ்வளவு நிறம் உள்ளே இருக்கிறது. வெளிர் மரத்தோடு சேர்த்தால் ஸ்பிரிட் பாலிஷைத் துணியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். உப்புத்தாளும் அதே வேலையைச் செய்யும், சிவப்புத் தூள் பக்கத்து மரத்தின் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் சேரும் இடத்தில் கத்தியால் சீவி முடித்துவிட்டு, தூளை ஊதித் தள்ளி, தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் அடியுங்கள். படாக் மட்டும் என்றால் எண்ணெயும் தேன்மெழுகும் போதும்.

முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம். தூள் மிளகாய்ப் பொடி மாதிரி மூக்கில் ஏறும், எனக்குக் கழுத்தில் தடிப்பு வந்திருக்கிறது. கரண்டி, தட்டு மாதிரிச் சாப்பாட்டுக்குப் புழங்குவதை நான் இதில் செய்வதில்லை. வேங்கைக் குவளையில் மருந்தென்று தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறார்களே, இதுவும் அதே இனம்தானே என்று ஒருவர் கேட்டார். இனம் ஒன்று என்பதற்காக மருந்தும் ஒன்றாகிவிடாது, செய்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஒரு தடவை மலை ஏறும்போது சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்து பார்த்து, "செம்மரமா?" என்று நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது. ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன், மிதந்தது. செம்மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை தண்ணீரில் மூழ்கும், படாக் மிதக்கும், அதன் எடை அதே அளவு தண்ணீரின் எடையில் முக்கால் பங்குதான். அந்த அதிகாரி வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? மர வேலை பாக்குறவரை வரச் சொல்லுங்க" என்றார்.

இதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக இதே கேள்விதான். பொருளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "நல்லா இருக்கே, செஞ்சது யாரு?" என்பார்கள். நான்தான் என்றால், "இல்ல, மர வேலை யாரு?" என்பார்கள். குன்னூரில் ஒரு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அங்கே என் சிமிழ்களுக்குப் பக்கத்தில் 'எங்கள் ஆசாரியின் கைவண்ணம்' என்று ஆண் ஒருவர் உளி பிடித்திருக்கும் படத்தை ஒட்டியிருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். பெண் செய்தது என்றால் விலை குறைத்துக் கேட்பார்கள் என்றார்கள். அந்தக் கடைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வருமானம் குறைந்தது, அதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் திரும்பப் போகவில்லை. நீங்கள் ஆணா பெண்ணா என்று உங்கள் பெயரிலிருந்து தெரியவில்லை. பெண்ணாக இருந்தால் சொல்கிறேன், சொந்த இழைப்புளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், யாரிடமும் இரவல் கேட்காதீர்கள்.

உங்களிடம் இருக்கும் துண்டுகள் சின்னவை என்றால் முதலில் சிமிழோ பேனாவோ செய்யுங்கள், கடைசலில் இந்த மரம் வெண்ணெய் மாதிரி வரும். அதற்கும் முன்னால், ஒரு துண்டை இரண்டாக அறுத்து, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அலமாரிக்குள் துணியில் சுற்றியும் வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னலில் இருந்தது பிடித்திருந்தால் மிச்சத் துண்டுகளில் கை வையுங்கள்.