320 சதவீத டிவிடெண்டை நம்பி 5 லட்சத்தையும் போடலாமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் 35 வருடம் பலசரக்குக் கடை நடத்தினேன். வயது 63. கடையை மகனிடம் கொடுத்துவிட்டேன். கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஏர்டெல் 2024-25க்கு 320 சதவீதம் டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, கொடுத்தது, மொத்தத்தையும் அதில் போடுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்கும் மனைவிக்கும் மருந்துச் செலவுக்கு அது கைகொடுக்குமா? ஏற்கெனவே 40 ஏர்டெல் பங்குகள் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில்: ஐயா, அந்த 320 சதவீதம் பொய்யில்லை. ஆனால் அது நீங்கள் போடும் பணத்துக்கான கணக்கு இல்லை, பங்கின் முகமதிப்புக்கான, அதாவது நிறுவனம் பங்குக்குக் குறித்த அடிப்படை மதிப்புக்கான கணக்கு. ஏர்டெல் பங்கின் முகமதிப்பு 5 ரூபாய். அந்த ஆண்டுக்குப் பங்குக்கு 16 ரூபாய் கொடுத்தார்கள். 5 ரூபாய்க்கு 16 ரூபாய் என்றால் 320 சதவீதம். சரி, உங்களுக்கு யார் 5 ரூபாய்க்குப் பங்கு தரப்போகிறார்கள்? சந்தையில் ஒரு பங்கு 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்துக்கு 312 பங்கு வரும். வருடத்துக்கு 4,992 ரூபாய், அதாவது மாதம் 416 ரூபாய். இரண்டு பேரின் மாத்திரைச் செலவுக்கு இது எந்த மூலைக்கு? ஒரு சதவீத வருமானத்தை 320 என்று சொல்லி, ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைத் திருப்பிவிடப் பார்க்கிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த 16 ரூபாயும் வருடா வருடம் வரும் வாடகை மாதிரி இல்லை. தீபாவளிக் கொள்முதலுக்குப் பணம் புரட்டும் நேரத்தில் கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுத்திருப்பீர்களா? தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அந்த மாதிரி நேரம் அடிக்கடி வரும். அலைக்கற்றை ஏலம், டவர், 5ஜி, கடனுக்கு வட்டி. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி வேறு தலையில் விழுந்தது. 2020-21க்கு ஏர்டெல் டிவிடெண்டே தரவில்லை. 2021இல் பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு விற்கும் உரிமைப் பங்கு வெளியிட்டு, பங்கு 535 ரூபாய் வீதம் 21,000 கோடி ரூபாயைத் தவணையாகத் திரட்ட இறங்கியது. அப்புறம்தான் 3, 4, 8, 16 ரூபாய் என்று டிவிடெண்ட் ஏறியது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, பல காலம் டிவிடெண்டுக்குப் பேர் போன நிறுவனம். அதுவே 2022இல் ஆண்டுக்கு 2.08 டாலராக இருந்ததை 1.11 டாலராகக் குறைத்துவிட்டது.

பெரிய நிறுவனங்கள் டிவிடெண்ட் கொள்கையை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதி வைத்திருக்கிறது. எதையெல்லாம் பார்த்து டிவிடெண்டை முடிவு செய்வோம் என்றுதான் அதில் இருக்கும். இத்தனை ரூபாய் தருவோம் என்ற உறுதிமொழியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பணத்துக்கு நான் சொல்வது இதுதான். 50,000 ரூபாயை அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கு வங்கியில் வையுங்கள். மீதி நாலரை லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்த வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9,225 ரூபாய் கணக்கில் ஏறும். கணக்குத் தொடங்கும் அன்றைக்கு என்ன வட்டியோ, ஐந்து வருடத்துக்கும் அதுவே. நடுவில் எடுத்தால் பிடித்தம் உண்டு. அதனால்தான் அந்த 50,000 ரூபாயைத் தனியாக வைக்கச் சொல்கிறேன்.

40 பங்குகளை அவசரப்பட்டு விற்க வேண்டாம். 2024-25க்கு அவற்றுக்கு 640 ரூபாய் வந்திருக்க வேண்டும். பாஸ்புக்கைப் பாருங்கள். வரவில்லை என்றால் டீமேட்டில் இருப்பது பழைய வங்கிக் கணக்காக இருக்கலாம். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டை வாங்காமல் விட்டால் அந்தப் பணமும் பங்குகளும் அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், ஆனால் அலைய வேண்டும். வங்கிக் கணக்கை மாற்றப் போகும்போதே மனைவி பெயரை நாமினியாகவும் சேர்த்துவிடுங்கள்.