கடைச் சவர்க்காரம், ஷாம்பு, பற்பசை, பேட் இவற்றுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்யக்கூடியவை எவை? மலைநாட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நுவரெலியாப் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், கடைச் சாமான் விலை கட்டுப்படியாகவில்லை என்றும், இணையத்தில் பார்த்த இயற்கைச் செய்முறைகள் ஒன்றும் சரிவரவில்லை என்றும் கேள்வியின் கீழே எழுதியிருந்தீர்கள். சரிவராததற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் இல்லை. "வாசலில் நிற்கும் வேப்பமரத்தில் நாலு கொத்து ஒடித்து வெயிலில் காயவையுங்கள்" என்று எழுதுகிறவர் சமவெளியில் இருக்கிறார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். இங்கே வேம்பு கிடையாது, தென்னை கிடையாது, ஆனி ஆடியில் வெயிலும் கிடையாது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பதால் நம் வீட்டுப் போத்தலில் அது வருஷம் முழுக்க வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். எங்கோ எழுதிய செய்முறையை இங்கே அப்படியே செய்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நான் இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் 2022இல் விலைவாசி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. சவர்க்காரக் கட்டியை நூலால் இரண்டாக அறுத்து, பாதியை ஒளித்துவைத்த வீடுகள் எங்கள் லயத்தில் இருந்தன. அம்மாயி காலத்து வழக்கங்களை நாங்கள் திரும்ப எடுத்தது அப்போதுதான். சிலது இன்றைக்கும் தொடர்கிறது, சிலதைக் கைவிட்டுவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

தலைக்கு: இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வீட்டுச் சாமான் போதும். சீயக்காய், பச்சைப்பயறு, கொஞ்சம் வெந்தயம், காய்ந்த தேசிக்காய்த் தோல். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது, நுரைப்பதும் எண்ணெயை எடுப்பதும் அதுதான். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், சின்னப் பிள்ளைகளுக்கு ஊற்றும்போது நெற்றியில் துணியைக் கட்டிவிடுங்கள். வெயில் இல்லாத மாதங்களில் எல்லாவற்றையும் தாச்சியில் இளஞ்சூட்டில் வறட்டி எடுத்து, ஆறியதும் அரைக்கக் கொடுப்பேன். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் இரண்டு கிழமையில் வண்டு பிடித்துவிடும்.

அரைக்கும் இடத்தில் கவனம். ஒருமுறை டவுனில் மிளகாய்த்தூள் அரைத்து முடித்த கையோடு என்னுடையதையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தலையில் தேய்த்த பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்கத் தலை நெருப்பாக எரிந்தது, என் மகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து அரிசி மா அரைத்து முடிகிற நேரம் பார்த்து நின்று கொடுக்கிறேன். முடியாதென்றால் செம்பருத்தி இலை போதும். இஸ்தோப்போரம் நிற்கிற செடியில் ஒரு கைப்பிடி பறித்து, தண்ணீரில் கசக்கினால் வழுவழுவென்று கூழாக வரும். அதை வடித்துத் தேய்த்தால் முடி பட்டுப்போல இருக்கும். எண்ணெய் அதிகம் வைத்திருந்தால் மட்டும் அது போதாது.

நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு, அது தண்ணீர். பீலியில் வருகிற மலைத்தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். இங்கே கொஞ்சம் போட்டாலே நுரைத்துவிடும். அதனால் சீயக்காயோ சவர்க்காரமோ, செய்முறையில் சொன்ன அளவில் பாதி எடுத்துப் பாருங்கள்.

உடம்புக்குப் பயற்றமா நல்லது. முகத்துக்கும் அதுவே. தூளாகப் பறக்கவிடாமல் முதலில் குழைத்துக்கொண்டு பூசுங்கள், குழந்தைகளின் மூக்கில் ஏறினால் ஆகாது.

கொழுந்து எடுக்கிறவர்களின் விரலைக் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அம்மாவின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகக்கண்ணைச் சுற்றிக் கறுப்பு வரியாக ஓடும். ரேகைக்குள் இறங்கி, வெடித்த இடத்தில் இன்னும் அழுத்தமாக நிற்கும். அது அழுக்கு இல்லை. தளிரைக் கிள்ளும்போது வருகிற சாறு காற்றுப்பட்டுக் கறுப்பது, தொழிற்சாலையில் இலை கறுப்பதும் அதே மாதிரித்தான். எனக்கு விபரம் தெரியாத வயதில், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்த அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சவர்க்காரத்துக்கு அது போகாது. புளிப்புக்குத்தான் இளகும். பாதித் தேசிக்காயில் உப்புத் தொட்டு விரலில் தேய்த்து, ஐந்து நிமிஷம் விட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெடிப்புக்கு எண்ணெய் வைத்தால் நிறம் பாதி இறங்கும். சாயத்தில், அதாவது பால் விடாத தேத்தண்ணியில், தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுக்கிறதே, அதே வித்தைதான். ஆனால் இதை அந்தியில் மட்டும் செய்யுங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயில் பட்டால் பொக்களித்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். "வெயிலுக்கு முன்னுக்குத் தேசிக்காய் தொடாத புள்ள" என்று அம்மா சொல்வது வெறும் பேச்சு இல்லை. முகத்துக்குத் தேசிக்காய் பூசச் சொல்கிற காணொளிகளை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

அக்குள் நாற்றத்துக்குப் படிகாரக் கல். நாட்டுமருந்துக் கடையில் கேளுங்கள், சீனாக்காரம் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது, தோலிலிருக்கிற கிருமி அதைத் தின்னும்போதுதான் நாறுகிறது. குளித்தபின் கல்லை நனைத்து அக்குளில் ஒருதரம் தேய்த்தால் அந்தக் கிருமி அடங்கும். சின்னக் கல் ஒன்று எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வருகிறது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: படிகாரத்திலும் அலுமினியம் இருக்கிறது. அலுமினியம் வேண்டாமென்று கடைப் பொருளை விடுகிறவர்கள் இதற்கு மாறுவதில் அர்த்தமில்லை. அப்பச்சோடாவைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசும் முறையையும் பார்த்தேன். எங்கள் குளிருக்கு அது கல்லாக இறுகிவிட்டது. சூடு காட்டிப் பூசினால் நாலாம் நாள் தோல் சிவந்து எரிந்தது. நம் தோல் கொஞ்சம் புளிப்புத் தன்மையானது, சோடா அதற்கு நேர் எதிர். கைவிட்டுவிட்டேன்.

மழைச் சப்பாத்துக்குள் நாள் முழுக்க வெந்த காலுக்குச் சாயத் தண்ணிதான் மருந்து. இரண்டு கைப்பிடி தேயிலைத் தூளைக் கொதிக்கவிட்டு, பேசினில் ஆறவைத்து, இருபது நிமிஷம் காலை வைத்திருங்கள். தேயிலையின் துவர்ப்பு தோலை இறுக்கும், நாற்றமும் குறையும். விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தால் அது சேற்றுப்புண், பூஞ்சணத் தொற்று. அதற்கு மஞ்சளும் எண்ணெயும் மட்டும் போதாமல் போகலாம், டிஸ்பென்சரியில் களிம்பு வாங்குங்கள். சீனி வருத்தக்காரர் என்றால் காலில் எந்தக் கைமருந்தும் வேண்டாம்.

பல்லுக்கு வருகிறேன். இங்கே நான் பிடிவாதக்காரி. அம்மாயி அடுப்புக்கரியும் உப்பும்தான் போட்டார், கையில் அகப்பட்டால் செங்கல் பொடியும். சாகும்வரை அவருக்குப் பல் இருந்தது என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் முரசோடு சேரும் இடத்தில் அரிவாளால் கொத்தினமாதிரிப் பள்ளம் விழுந்திருந்தது, பச்சைத்தண்ணீர் பட்டாலே கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். கரியும் பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும், தேய்ந்தது திரும்ப வளராது. இன்னொன்று, இலங்கையின் வறண்ட பிரதேசத்தில் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம், அனுராதபுரம் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் படிவது அதனால்தான். ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் அதற்கு நேர்மாறு, தண்ணீரில் புளோரைட் மிகக் குறைவு. பல் சூத்தையைத் தடுக்கிற அந்தப் பொருள் நமக்குத் தண்ணீரில் கிடைக்காது, பற்பசையில்தான் கிடைக்கும். 1000 முதல் 1500 பி.பி.எம். புளோரைட் உள்ளதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சின்னப் பிள்ளைக்கு அரிசி அளவு, மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு, அதற்குமேல் தேவையில்லை. மிச்சம் பிடிக்க நினைத்தால் அளவில் பிடியுங்கள். கிராம்பையும் உப்புத்தண்ணீரையும் கொப்பளிக்க வைத்துக்கொள்ளலாம், பற்பசைக்குப் பதிலாக இல்லை. வெற்றிலை பாக்கு வாயைச் சுத்தம் செய்யும் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஒன்றே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். எங்கள் லயத்தில் வாய் திறக்க முடியாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்த பிறகு அம்மா தன் வெற்றிலைப் பையை அடுப்பில் போட்டார்.

கை கழுவுவதற்கும் சவர்க்காரம்தான். சாம்பல் வேண்டாம். முன்பள்ளியில் இருபது பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் கிழமைக்குள் பத்துப் பேருக்கு வரும்.

அந்தச் சவர்க்காரத்தை வீட்டில் செய்யலாமா என்றால், செய்யலாம், செய்தும் பார்த்தேன். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 80 கிராம் காஸ்டிக் சோடா, 170 கிராம் தண்ணீர், டிஜிட்டல் தராசில் நிறுத்து. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துச் சிதறும். அலுமினியச் சட்டி கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். எண்ணெயோடு கலக்கி அச்சில் ஊற்றிய பிறகு ஆறு கிழமை காயவேண்டும், மஸ்கெலியா மழையில் எனக்கு எட்டுக் கிழமை எடுத்தது. நல்ல சவர்க்காரம் வந்தது. ஆனால் எண்ணெய் விலைக்குக் கணக்குப் பார்த்தால் கடைக் கட்டியைவிடக் கூடப் போயிற்று. ஒரே அறையில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற லயத்து வீட்டில் காஸ்டிக்கை வைத்திருக்க எனக்குத் துணிவும் இல்லை. செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

கடைசியாக மாதவிடாய்த் துணி. பேட் வாங்க முடியாத மாதங்களில் எங்கள் வீட்டில் மூன்று பெண்களும் துணிக்குத் திரும்பினோம். துணி கேவலமும் இல்லை, கெடுதலும் இல்லை. பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாகத் தைத்தால் நன்றாக உறிஞ்சும், கடை பேட் போடும்போது வருகிற தொடை உரசல் புண்ணும் இல்லை. கெடுதல் எல்லாம் காயாமல் இருப்பதில்தான். எனக்குப் பதின்மூன்று வயதில் துணியைக் காயப்போட இடம் காட்டியது கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் முதலில் துணி, அதன்மேல் அக்காவின் பாவாடை, பாவாடையின்மேல் ஒரு துவாய். அண்ணன்மார் கண்ணில் படக்கூடாது. மூன்றாம் நாள் எடுத்துத் தொட்டால் குளிர்ந்து, நடுவில் பிசுபிசுவென்று இருக்கும், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஈரச் சாக்கு வாசம். அதையேதான் திரும்பக் கட்டிக்கொள்வேன். அரிப்பும் எரிவும் பெண்ணாகப் பிறந்தால் வருவது என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது இது. முதலில் பச்சைத்தண்ணீரில் அலசுவேன், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்டு, அலசும் தண்ணீர் தெளிவாகும்வரை அலசுவேன். வெயில் இருந்தால் வெளிக்கொடியில், நேர் வெயிலில். மழை மாதங்களில் இரவு முழுக்கக் கொடியில் விட்டு, காலையில் இஸ்திரிப்பெட்டியால் இரு பக்கமும் அழுத்தித் தேய்ப்பேன், ஆவி வருவது நிற்கும்வரை. அடுப்புக்கு மேலே கட்டினால் காயும், ஆனால் புகையும் கரியும் ஏறும். முழுக்கக் காயாததைக் கட்டாதீர்கள், மடித்தும் வைக்காதீர்கள். ஆளுக்கு ஆறு துணியாவது இருந்தால்தான் மழைக்குத் தாக்குப்பிடிக்கும். நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். மலையில் மலசலகூடம் இல்லாத இடத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், பகலில் கொழுந்து நிறுக்க வந்து வீட்டுக்குப் போகிற நேரத்தையாவது விடாதீர்கள்.

உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள், மஞ்சள் தண்ணீரோ வேப்பிலைத் தண்ணீரோ தேசிக்காயோ எதுவும். வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே உடம்பே பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்போது துணி வெளிக்கொடியில்தான் காய்கிறது, மழை வந்தால் என் தம்பி அவசரத்துக்கு அதையும் சேர்த்து எடுத்து உள்ளே போடுவான். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ அரிப்பு, நாற்றம், நிறம் மாறிய வெள்ளைபடுதல் என்று இருந்தால் வெட்கப்படாமல் தோட்டத்துக்கு வருகிற மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். இரண்டு வருஷம் நான் பொறுத்துக்கொண்டிருந்தது, ஒரு கிழமை மாத்திரையில் போயிற்று.