பித்தம் இல்லை, அந்த முதுகுவலி மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. இருமுனை மனநோய்க்காக ஆறு வருடமாக லித்தியம் 300 மி.கி. காலை ஒன்று, இரவு இரண்டு சாப்பிடுகிறார். நான்கு வருடமாக எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் தாகம் அதிகம், எடை கூடிவிட்டது, முடி கொட்டுகிறது. லித்தியம் கிட்னியைத் தின்றுவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் தம்பி ஆன்லைனில் 'இயற்கைத் தாது' என்று லித்தியம் ஓரோடேட், மெக்னீசியம் இரண்டும் வாங்கித் தந்திருக்கிறான். அதற்கு மாறிவிடலாமா? பத்து நாளாக முதுகுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். இந்த வாரம் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது, இரண்டு தடவை வாந்தியும் எடுத்தார். பித்தமாக இருக்குமோ? – ஒரு வாசகி

பதில்: பித்தம் இல்லை. டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், ரத்தப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்றே அவரை அழைத்துப் போங்கள். லித்தியம் அளவு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் மந்தமாகக் கண் திறந்தாலோ, இரவு இரண்டு மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுதான். நீங்கள் கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில் எழுதியது லித்தியம் நச்சேற்றமாக, அதாவது ரத்தத்தில் லித்தியம் அளவுமீறி ஏறியதாக இருக்கலாம்.

லித்தியம் சாப்பிடுகிற பலருக்குக் கை லேசாக நடுங்கும். நீட்டிய கையின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் தாளின் ஓரம் படபடக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயம் வேண்டாம். காபி சிந்துகிற அளவுக்கு நடுக்கம் புதிதாக வந்து, கூடவே வாந்தியோ பேதியோ சேர்ந்தால் அது வேறு கதை.

ஏன் இப்படி ஆகிறது? லித்தியத்தைக் கல்லீரல் சிதைப்பதில்லை. சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். சோடியத்தையும் லித்தியத்தையும் சிறுநீரகம் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்தும். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், லித்தியமும் சேர்ந்தே தங்கிவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தைக் குறைத்து அதே வேலையைச் செய்கின்றன. டெல்மிசார்ட்டான், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டுவது, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம், திடீரென்று உப்பில்லாச் சாப்பாடு, எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மருந்து வேலை செய்யும் அளவு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இடைவெளி அவ்வளவு குறுகலானது. நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு எண் சுமாராக இருந்தாலும் அறிகுறி கடுமையாக இருக்கலாம். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துத் திரும்பி வராதீர்கள்.

வழக்கமான பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். லித்தியம் ஹெப்பாரின் தடவிய பச்சை மூடிக் குழாயில் மட்டும் ரத்தம் எடுக்க விடாதீர்கள். அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

இனி தம்பியின் பாட்டில். உங்கள் கணவர் இப்போது விழுங்குவதே தாதுதான். 1817-இல் ஒரு கல்லிலிருந்து கண்டெடுத்த தனிமம் அது. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் அதை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 1949-இல் வெளியிட்டார். அவர் போடுகிற லித்தியம் கார்பனேட் 300 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 56 மி.கி. லித்தியம் இருக்கிறது. கடைகளில் வரும் ஓரோடேட் மாத்திரையில் பெரும்பாலும் 5 மி.கி. மூன்றை விட்டு அதற்கு மாறினால், மருந்தை ஒரே நாளில் நிறுத்தியதற்குச் சமம். அப்படி நிறுத்துகிறவர்களுக்கு உன்மத்தம் (மேனியா எனும் அதீத எழுச்சி நிலை) சீக்கிரம் திரும்பி வரும், தற்கொலை அபாயமும் கூடும். நிறுத்தியே ஆக வேண்டுமானாலும் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம், படிப்படியாகத்தான். நச்சேற்றம் வந்தால் மட்டும் விதிவிலக்கு. மாறாமல், மூன்றோடு சேர்த்து ஓரோடேட்டையும் போட்டால் யாரும் அளக்காத கூடுதல் லித்தியம். மெக்னீசியம் இந்த நோய்க்கு மருந்தல்ல. வயிற்றை இளக்கும், வயிற்றோட்டம் லித்தியத்தை ஏற்றும்.

கிட்னி பயம் பொய்யில்லை, ஆனால் உங்களைப் பயமுறுத்தியவர் பாதிதான் சொன்னார். நீண்ட காலம் சாப்பிடுகிற சிலருக்குச் சிறுநீரகத் திறன் மெல்ல மெல்லக் குறைவது உண்மை. திரும்பத் திரும்ப அளவு எகிறுகிறவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்), டி.எஸ்.எச். (தைராய்டுப் பரிசோதனை), கால்சியம், லித்தியம் அளவு பார்த்தால் இறக்கம் முன்பே தெரிந்துவிடும். கடைசியாக எப்போது பார்த்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

முடி கொட்டுவதும் எடையும் தைராய்டாக இருக்கலாம்; லித்தியத்தால் தைராய்டு மந்தமாவது சகஜம், தைராக்ஸின் போட்டால் சரியாகும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும். கலர், ஜூஸ் குடித்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? மூன்றையும் இரவு ஒரே வேளையாகக் கொடுக்கலாமா என்று மனநல மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்குச் சிறுநீர்ப் போக்கு குறையும். அப்படியும் ஒத்துவராவிட்டால் வால்புரோயேட், லாமோட்ரிஜின், க்வெட்டியாபின் இருக்கின்றன. முதலாவதிலும் கடைசியிலும் எடை ஏறும். லாமோட்ரிஜினை 25 மி.கி.யில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வைத் தடுக்கிற அளவுக்கு அது உன்மத்தத்தைத் தடுக்காது. நான்கு வருடம் அமைதியாக வைத்திருக்கிற மருந்தை நானாக இருந்தால் அவ்வளவு லேசில் கைவிட மாட்டேன்.

முதுகுவலிக்கு பாராசிட்டமால் போதும். பிரஷர், வலி, சளி என்று எதற்கு மாத்திரை வாங்கினாலும் 'லித்தியம் சாப்பிடுகிறார்' என்று முதலில் சொல்லுங்கள். இன்று போகும்போது தம்பி வாங்கிய பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஏற்கெனவே எத்தனை மாத்திரை போட்டார் என்று டாக்டர் கேட்பார்.