ஈரக் கைக்கு ஒரு போன்

அன்புள்ள அக்கா,

தொழில்நுட்பம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பொறியியல் படிக்கிறேன். இறுதி வருட புரொஜெக்ட்டுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாத போன் ஒன்றை வடிவமைக்க ஆசை. மடிக்கிற திரை, தமிழில் பேசினால் விளங்கிக்கொள்ளும் உதவியாள், மிக மெல்லிய உடம்பு, இவ்வளவும் இப்போதைக்கு என் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் என்றால் எப்படிச் செய்வீர்கள்?

ஒரு வாசகன், அக்கரைப்பற்று

அன்புள்ள தம்பி,

பட்டியல் போட முதல், அது யாருடைய கைக்கு என்று முடிவெடுங்கள். நான் செய்தால் மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவருக்கும் அதன் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்கிறவருக்கும்தான் செய்வேன்.

விடியக்காலையில் கல்லடிப் பாலத்தடிக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கள். போனைச் சொப்பிங் பையில் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு வைத்திருப்பார்கள். மீன் எடுக்கிற வியாபாரி அழைப்பார். மீனவர் விரலைச் சாரத்தில் துடைப்பார், சாரமும் ஈரம், பச்சை வட்டத்தைத் தள்ளுவார், அது அசையாது, இன்னொரு தரம் தள்ளுவதற்குள் அழைப்பு நின்றுவிடும். அன்றைய விலை பேச வந்த அழைப்பு அது. இப்போதைய தொடுதிரை, விரல் பட்டதும் மின்னேற்றத்தில் வருகிற சின்ன மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தை அறிகிறது. தண்ணீரும் மின்சாரம் கடத்தும், அதனால் நாலு துளி பட்டால் எது விரல் எது தண்ணீர் என்று அதற்குக் குழம்பிப்போகும். உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் மோசம்.

ஆகவே என் போனில் திரை இருக்கும், ஆனால் அழைப்பை எடுக்க, வைக்க, டோர்ச் போட மூன்று உண்மையான பொத்தான்கள் பக்கத்தில் இருக்கும், இருட்டில் தடவிப் பார்த்தே தெரிகிற மாதிரி. 2003இல் வந்த நோக்கியா 1100ஐ வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். தூசி உள்ளே போகாத ரப்பர் பொத்தான், வழுக்காத ஓரம், தலையில் டோர்ச். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. யானைக் காவலுக்குப் பரணில் இருக்கிறவருக்கு இன்றைக்கும் அந்த டோர்ச்தான் முதல் தேவை, கமரா அதற்குப் பிறகு.

அடுத்தது பற்றரி. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. முந்தி முதுகு மூடியை நகத்தால் திறந்து கடையில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டோம். இப்போது பசை போட்டு ஒட்டிவிட்டு, தண்ணீர் போகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்கிறார்கள். சரி, அப்படியென்றால் சாம்சுங் கலக்ஸி எஸ்5? 2014இல் வந்தது, முதுகைக் கழற்றலாம், பற்றரியை மாற்றலாம், மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்கிற ஐபி67 தரமும் இருந்தது. ஆக, முடியாது என்பது காரணமில்லை. 2027 பெப்ரவரியில் இருந்து பற்றரியைப் பாவிப்பவரே கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது, சில விலக்குகளோடு. அங்கே கேட்டு வாங்கியதை நாங்களும் கேட்கலாம்.

ஆனால் ஒன்று, அந்த ஐபி தரமெல்லாம் நன்னீரில் சோதித்துக் கொடுப்பது. எங்கள் வாவித் தண்ணீர் உவர். சார்ஜ் குத்துகிற ஓட்டைக்குள் உப்பு போய்ப் பச்சைப் பாசி மாதிரிப் பிடித்து, இரண்டு மாதத்தில் வயரை ஆட்டி ஆட்டிச் சார்ஜ் ஏற்றவேண்டி வரும். அந்த ஓட்டையை மட்டும் தனித் துண்டாக, ஒரு திருகாணியில் கழற்றி மாற்றுகிற மாதிரிச் செய்துவிட்டால் அரைவாசிப் பிரச்சினை முடிந்தது. பெயார்போன் என்கிற நெதர்லாந்து நிறுவனம் இப்படிப் பாகம் பாகமாகக் கழற்றுகிற போன் விற்கிறது, விலைதான் எங்கள் கைக்கு எட்டாது.

மெல்லிய உடம்பை விட்டுவிடுங்கள். தடித்த உடம்பில்தான் பொத்தானும் மூடியும் பெரிய பற்றரியும் வரப்போகின்றன. மடிக்கிற திரையும் வேண்டாம், மணல் போனால் அதன் கதை முடிந்தது. தமிழ் உதவியாள் நல்ல யோசனை, எழுத்துக் கூட்ட முடியாதவருக்குப் பெரிய துணை, ஆனால் இணையம் இல்லாமலும் வேலை செய்யவேண்டும், எங்கள் பேச்சுத் தமிழும் அதற்கு விளங்கவேண்டும்.

முதலில் அந்த மூடியையும் ரப்பர் வளையத்தையும் மட்டும் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் சோதிக்காமல் வாவித் தண்ணீர் ஒரு வாளி அள்ளி அதற்குள் போட்டு எடுத்து, காயவிட்டு, திரும்பவும் போடுங்கள். எத்தனையாவது தரத்தில் உப்பு உள்ளே போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.