நாலு மாதத்தில் தேய்ந்த கிளட்ச்: ஃப்ளைவீலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கிரானைட் பலகை ஏற்றும் 10 சக்கர லாரி வைத்திருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன்புதான் கிளட்ச் பிளேட் மாற்றினோம். இப்போது மேலுமலை ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறுகிறதே தவிர வண்டி ஏறுவதில்லை. லோடோடு கிளம்பும்போது உதறுகிறது. கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுற்றும் கனமான இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பழைய வண்டியில் கழற்றிய நல்ல ஃப்ளைவீல் ஒன்று இருப்பதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். லேத்தில் கடைந்தால் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதும். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறு. உதறலுக்கு ஃப்ளைவீலைச் சந்தேகப்படலாம். இன்ஜின் சுற்றியும் வண்டி ஏறாத ஸ்லிப்புக்கு அது காரணமாவது குறைவு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு பிளேட் போட்டால் அதுவும் அடுத்த மாம்பழ சீசன் வரை தாங்காது.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து, பெடலை விட்டதும் கிளட்ச் பூஸ்டரின் (பெடல் மிதிக்கும் விசையைக் காற்றழுத்தத்தால் கூட்டும் சிலிண்டர்) தண்டு முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். டிரைவர் பெடல் மேல் கால் வைத்தே ஓட்டுவதற்குச் சமம் அது. எந்தப் பிளேட்டும் கருகும்.

இறக்கிய பிறகு பழைய பிளேட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி என்றால் கியர் ஆயில், அதாவது கியர்பாக்ஸ் முன்பக்க சீல் கசிகிறது. சாதாரண இன்ஜின் ஆயில் என்றால் இன்ஜின் கிராங்க் தண்டின் பின்பக்க சீல். பெட்ரோலில் கழுவி அதே பிளேட்டைப் போடுவது வீண்வேலை. லைனிங் (பிளேட்டின் உராயும் பரப்பு) உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். எண்ணெயே இல்லாமல் ரிவெட் வரை தேய்ந்திருந்தால் ஓவர்லோடு, அல்லது ஏற்றத்தில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம். லைனிங் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் தொப்பூர் மாதிரி இறக்கத்தில் சின்ன கியரில் கிளட்சை மிதித்தபடி உருட்டியிருக்கிறார்கள். அப்போது பிளேட்டைச் சுற்றுவது இன்ஜின் அல்ல, சக்கரம். இன்ஜினைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றி லைனிங் பிய்ந்துவிடும்.

10 சக்கர வண்டிக்கு மொத்த எடை 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அதற்கும் மேலே ஏற்றினால் பிளேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்றி அனுப்புகிறவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்; அபராதமும் கிளட்ச் செலவும் லாரிக்காரர் தலையில். யாரும் இதைச் சரிசெய்யப் போவதாகத் தெரியவில்லை.

இப்போது ஃப்ளைவீல். ஸ்டீல் ஸ்கேலை முகத்தின் குறுக்கே நிறுத்தி வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.1 மி.மீ. இலை தாராளமாக நுழைந்தால் முகம் குழிந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் பொதுவாக 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆழமில்லாத மயிரிழை வெடிப்புகள் கடைந்தால் போய்விடும். போல்ட் துளையையோ விளிம்பையோ தொடும் வெடிப்பு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

நீலம் பாரித்த திட்டுகளைக் கவனியுங்கள். சூட்டில் இறுகிப்போன இடங்கள் அவை. லேத் உளி அதன் மேல் எகிறும், திட்டு மேடாக நிற்கும். கடைந்த பிறகும் உதறல் போகவில்லை என்று புலம்புவது இதனால்தான். கிரைண்டிங் கல்லில் தேய்த்துத் தரும் பட்டறைக்கே கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சில ஃப்ளைவீல் தட்டையாக இருக்கும். முழு முகத்தையும் ஒரே மட்டமாக எடுத்துவிடலாம். சிலவற்றில் பிளேட் உட்காரும் முகம் பள்ளத்திலும், பிரஷர் பிளேட்டை போல்ட் போடும் விளிம்பு மேட்டிலும் இருக்கும். பள்ளத்தில் 1 மி.மீ. எடுத்தால் விளிம்பிலும் அதே 1 மி.மீ. எடுக்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பிளேட் முதல் நாளே 1 மி.மீ. தேய்ந்த பிளேட் கணக்குதான். பள்ளத்தை மட்டும் கடைந்து அனுப்பினால் லேத்காரருக்கு வேலை பாதி, கூலி முழுசு. கொடுக்கும் முன் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் இடையிலான படியின் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் அதே அளவு இருக்க வேண்டும். முந்தின தடவை கடைந்தார்களா என்று கேளுங்கள். உங்கள் ஸ்லிப்புக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

புரோக்கரின் ஃப்ளைவீல் வேண்டாம். பேலன்ஸ் வேறாக இருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் பிடிக்கும் ரிங் கியரின் பல் எண்ணிக்கை மாறலாம். கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜின் பலவற்றில் வேக சென்சாருக்கான துளைகள் ஃப்ளைவீலில்தான் இருக்கும். அது மாறினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். புது அட்டைப்பெட்டியில் மறுலைனிங் பிளேட்டை அடைத்து விற்பதும் நடக்கிறது. ஹப் ஸ்ப்ளைனில் (பிளேட்டின் நடுத்துளைப் பற்களில்) பழைய தேய்மானம், ஸ்பிரிங்கில் பெயின்ட் பூச்சு தெரிகிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தாலே தேயும் பாகம் என்று வாரண்டியைத் தட்டிக்கழிக்கிறார்கள்; இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மாட்டும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில். ஒரு சீலை மிச்சம் பிடித்தால் கியர்பாக்ஸை இன்னொரு முறை இறக்கும் கூலி வரும். தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் என்ற குறி எப்பக்கம் என்று பார்த்து, டம்மி ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் தண்டின் அளவிலுள்ள கருவி) விட்டு மையம் பிடித்து, பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லப் பூசி, வழிவதைத் துடைக்க வேண்டும். கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கியே ஏற்றட்டும். எடை பிளேட் ஹப்பில் ஒரு நிமிடம் தொங்கினாலும் ஹப் கோணும், உதறல் அப்படியே திரும்பும்.

முதல் 500 கி.மீ. பாதி லோடு. பழைய சாமான்களை எடைக்குப் போடாமல், முழு லோடில் மேலுமலை ஏறிப் பார்க்கும் வரை வைத்திருங்கள்.