முதல் தேர்வை மட்டும் பார்த்து அணியின் எதிர்காலத்தைக் கணிக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் நான் ஆதரிக்கும் அணி மூன்று சீசன்களாகப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. இந்த முறை டிராஃப்டில் (மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை தந்து, பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில்) முன்வரிசை வாய்ப்பு கிடைத்தும், நிபுணர்கள் முதலிடம் தந்திருந்த பள்ளி வீரரை விட்டுவிட்டு, சில இடங்கள் கீழே இருந்த கல்லூரி வீரர் ஒருவரைக் குறைந்த தொகைக்கு எடுத்தார்கள். இது உரிமையாளரின் கஞ்சத்தனமா, திட்டமா? அணியை மறுகட்டமைக்கும் வேலை சரியான திசையில் போகிறதா என்பதை ரசிகர்கள் எதை வைத்து அறிவது? அடுத்த ஆண்டுக்கான சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா?

பதில்: குறைந்த தொகைக்கு ஒருவரை எடுத்தது கஞ்சத்தனமா திட்டமா என்பதை அந்த ஒரு தேர்வை வைத்துச் சொல்ல முடியாது. மிச்சமான பணம் அதே டிராஃப்டின் அடுத்தடுத்த சுற்றுகளில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

2012 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, முதல் பத்துச் சுற்றுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் லீக் ஒரு டாலர் மதிப்பை நிர்ணயிக்கிறது. ஓர் அணியிடம் உள்ள இடங்களின் மதிப்பையெல்லாம் கூட்டினால் வருவதுதான் அந்த அணியின் போனஸ் நிதி, அதாவது தேர்ந்தெடுத்தவர்களை ஒப்பந்தம் செய்யச் செலவிடும் தொகை. அந்த நிதியை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அணியின் விருப்பம். ஆனால் மொத்தத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி கட்ட வேண்டும், ஐந்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும். கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் தேர்வு இடங்களை அணிகள் தாராளமாகக் கைமாற்றிக்கொள்கின்றன. பேஸ்பாலில், சிறிய நகரங்களின் அணிகளுக்கும் வருவாய் குறைந்த அணிகளுக்கும் வழங்கப்படும் சில கூடுதல் இடங்களைத் தவிர, வேறு எதையும் கைமாற்ற முடியாது. ஆகவே பணத்தைப் பிரிக்கும் திறமைதான் டிராஃப்ட் நாளில், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளரின் கையில் உள்ள முக்கியமான கருவி.

இதை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது 2012இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் செய்த முதல் தேர்வு. போர்ட்டோ ரிக்கோவின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) கார்லோஸ் கொரேயாவை, 72 லட்சம் டாலர் மதிப்புள்ள இடத்தில், 48 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். மிச்சமான 24 லட்சத்தைக் கொண்டு, அதிகத் தொகை கேட்பார் என்பதால் மற்ற அணிகள் தயங்கிய பள்ளிப் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) லான்ஸ் மெக்கலர்ஸை 41ஆம் இடத்தில் 25 லட்சம் டாலருக்குக் கல்லூரிக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். அந்த இருவருமே 2017இல் மேஜர் லீக்கின் பட்டமான உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2021இல் இதே வழியைப் பின்பற்றியது. 84 லட்சம் டாலர் மதிப்புள்ள முதல் இடத்தில் கல்லூரி கேட்ச்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) ஹென்றி டேவிஸை 65 லட்சத்துக்கு எடுத்துவிட்டு, கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் ஆடவிருந்த பப்பா சாண்ட்லருக்கு மூன்றாம் சுற்றில் 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். டேவிஸ் 2025 வரை மட்டையால் எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவில்லை. சாண்ட்லரோ அந்த ஆண்டு ஆகஸ்டில் மேஜர் லீக்கில் பந்து வீசத் தொடங்கிவிட்டார். முதல் பெயரை மட்டும் பார்த்திருந்தால் அந்த டிராஃப்டைத் தோல்வி என்றுதான் எழுதியிருப்போம்.

எனவே உங்கள் அணியின் டிராஃப்ட் பட்டியலை எடுத்து, இரண்டாம் சுற்றிலிருந்து பத்தாம் சுற்று வரை ஒவ்வொருவருக்கும் கொடுத்த தொகையையும் அந்த இடத்தின் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தத் தொகைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. இடத்தின் மதிப்பைவிட மிக அதிகமாகப் பெற்ற பள்ளி வீரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அது திட்டம். நிதியில் பெரும்பகுதி செலவாகாமல் நின்றிருந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதை மழுப்ப எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியில் ஒரு பெரிய அபாயம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத வீரரின் இடத்துக்குரிய மதிப்பு முழுவதும் நிதியிலிருந்து கழிந்துவிடும். 2014இல் ஹூஸ்டன் முதல் இடத்தில் எடுத்த பிரேடி ஏக்கனின் முழங்கைத் தசைநார் குறித்து மருத்துவப் பரிசோதனையில் கேள்வி எழுந்தது, அணி தொகையைக் குறைத்தது, அவர் மறுத்துவிட்டார். அவருடைய இடத்தின் மதிப்பு போனதால், மிச்சப் பணத்தை நம்பி ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பள்ளிப் பிட்ச்சருடன் பேசி முடித்திருந்த ஒப்பந்தமும் கலைந்தது. வாக்குக் கொடுக்கப்பட்ட ஓர் இளைஞன் தன் தவறு எதுவும் இல்லாமல் நடுத்தெருவில் நிறுத்தப்பட்டான் என்பது இந்த முறையின் இரக்கமற்ற பக்கம். ஏக்கனுக்கு மறு ஆண்டே முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. ஈடாக 2015இல் கிடைத்த இரண்டாம் இடத்தில் ஹூஸ்டன் எடுத்தவர் அலெக்ஸ் பிரெக்மன்.

அடுத்து, பள்ளி வீரரா கல்லூரி வீரரா என்பது. வீரர்களை நேரில் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்கள் ஒவ்வொரு திறனையும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. ரசிகர்கள் பொதுவாக வலிமைக்கும் ஓட்ட வேகத்துக்கும் தரப்பட்ட எண்களைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, பந்தைத் தவறவிடாமல் மட்டையில் வாங்கும் திறனையும், ஸ்ட்ரைக் பகுதிக்கு (மட்டையாளர் அடிக்க வேண்டிய எல்லைக்கு) வெளியே போகும் பந்தை விட்டுவிடும் பொறுமையையும்தான். வலிமையை உடற்பயிற்சியால் கூட்டலாம். மோசமான பந்துகளைத் துரத்தும் பழக்கத்தை 21 வயதுக்குப் பிறகு மாற்றுவது கடினம். கல்லூரிகளில் உலோக மட்டையால் ஆடுகிறார்கள், தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை. ஆகையால் ஒரு கல்லூரி வீரரின் கோடைக்கால ஆட்டத்தை, குறிப்பாக மர மட்டையால் ஆடப்படும் மாசசூசெட்ஸின் கேப் காட் லீக் பதிவுகளை, அவருடைய கல்லூரிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மட்டையாளர் தற்போது நிற்கும் இடமும் முக்கியம். ஷார்ட்ஸ்டாப்பில் ஆடுபவர் அங்கே சரிவராவிட்டால் மூன்றாம் பேஸுக்கோ வெளிக்களத்துக்கோ நகரலாம். பிரெக்மன் அப்படித்தான் மூன்றாம் பேஸுக்குப் போனார். பள்ளியிலேயே முதல் பேஸில் ஆடுபவருக்கு நகர இடமே இல்லை, அவர் மட்டையால் மட்டுமே பிழைக்க வேண்டும். வயதையும் மாதக் கணக்கில் பாருங்கள். பள்ளி வீரர்களில் 17 வயதுக்காரரும் 19 வயதுக்காரரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள்; 2025இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதலிடத்தில் எடுத்த ஈலை வில்லிட்ஸுக்கு அன்று 17 வயதுதான்.

பிட்ச்சர்கள் விஷயத்தில் என் எச்சரிக்கை இன்னும் கடுமையானது. டிராஃப்ட் தொடங்கிய 1965 முதல் 2025 வரை, முதல் இடத்தில் வலதுகைப் பள்ளிப் பிட்ச்சர் ஒருவர்கூட எடுக்கப்பட்டதில்லை. இடதுகைப் பள்ளிப் பிட்ச்சர்கள் மூவர் எடுக்கப்பட்டார்கள். 1973இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்த டேவிட் கிளைட், பள்ளியிலிருந்து நேரே மேஜர் லீக் மைதானத்துக்கு 18 வயதில் இழுத்து வரப்பட்டு, 18 வெற்றி 33 தோல்வியோடு முடிந்துபோனார். 1991இல் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லரும், முன்பு சொன்ன ஏக்கனும் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. கல்லூரிப் பிட்ச்சர் இதைவிடப் பாதுகாப்பானவர், அவ்வளவுதான். பிட்ஸ்பர்க் 2023 ஜூலையில் எடுத்த பால் ஸ்கீன்ஸ் 2024 மே மாதத்திலேயே மேஜர் லீக்குக்கு வந்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரராகவும், 2025இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது பெற்றவராகவும் ஆனார். அப்படிப்பட்டவர் கண்ணெதிரே இருக்கும்போது பணத்தைப் பிரிக்கும் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முழுத் தொகை கொடுத்து எடுப்பதுதான் சரி. பிட்ஸ்பர்க்கும் இடத்தின் மதிப்பான 97 லட்சத்துக்குச் சற்றே குறைவாக, 92 லட்சம் டாலர் கொடுத்து ஏறக்குறைய அதைத்தான் செய்தது. உங்கள் அணி விட்டுவிட்ட வீரர் அந்தத் தரத்தில் இருந்தாரா, அல்லது முதல் ஐந்தாறு பேரும் ஏறக்குறைய சமமாக இருந்த ஆண்டில் பட்டியலின் உச்சியில் இருந்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆண்டுகள் இரண்டாம் வகைதான்.

தோற்றுத் தோற்று உயர்ந்த இடங்களைச் சேர்த்தால் அணி தானாக எழுந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஹூஸ்டனைத்தான் எல்லோரும் சான்றாகக் காட்டுகிறார்கள். 2011, 2012, 2013 ஆகிய மூன்று சீசன்களிலும் அந்த அணி நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்று, மூன்று முறை தொடர்ந்து முதல் தேர்வைப் பெற்றது உண்மை. ஆனால் அந்த மூன்றில் பலித்தது கொரேயா மட்டும். 2013இல் எடுத்த பிட்ச்சர் மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டத்திலும் வீசவில்லை. அவருக்கு அடுத்து சிகாகோ கப்ஸ் எடுத்த கிரிஸ் பிரையன்ட் 2016இல் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். ஹூஸ்டனைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஹோசே அல்டுவே வெனிசுவேலாவிலிருந்து வெறும் 15,000 டாலருக்கு வந்தவர், டாலஸ் கைக்கல் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், ஜஸ்டின் வெர்லாண்டர் 2017 ஆகஸ்டின் கடைசி நாளில் டெட்ராய்ட்டிலிருந்து வாங்கப்பட்டவர். அந்த ஆண்டு வெற்றியின்மேல் எதிரணி கேட்ச்சரின் சைகைகளைத் திருடிய களங்கமும் படிந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தோல்வியின் விலையும் இப்போது கூடிவிட்டது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 16.5 சதவீதம் மட்டுமே. 2024இல் வெறும் 2 சதவீத வாய்ப்பு இருந்த கிளீவ்லாண்ட் முதலிடத்தைப் பெற்றது. பெரிய வருவாய் உள்ள அணிகள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து குலுக்கல் இடம் பெற முடியாது என்ற விதியால், 2024இல் 121 ஆட்டங்கள் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் மறு ஆண்டு பத்தாம் இடத்தில்தான் தேர்வு செய்ய முடிந்தது. அதே அணி 2016 டிசம்பரில் நட்சத்திரப் பிட்ச்சர் கிறிஸ் சேல் என்பவரை வேறு அணிக்குக் கைமாற்றி மறுகட்டமைப்பைத் தொடங்கியபோது ஊரே பாராட்டியது. 2021இல் பிரிவின் முதலிடம் வந்தது, மூன்றே ஆண்டில் அத்தனையும் சரிந்தது.

ஆக, உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இளம் வீரர்கள் மேலே வரத் தொடங்கும் குளிர்காலத்தில் உரிமையாளர் என்ன செய்கிறார் என்பதையே நான் மிக முக்கியமான அடையாளமாகக் கருதுகிறேன். சிகாகோ கப்ஸ் டிராஃப்டின் உயர்ந்த இடங்களில் மட்டையாளர்களாகவே எடுத்தது. பிட்ச்சர்களை வீரர் பரிமாற்றத்தால் சேர்த்தது, பிரையன்ட் மேலே வருவதற்கு முந்தைய 2014 டிசம்பரில் பிட்ச்சர் ஜான் லெஸ்டருக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தது, 2016இல் 1908க்குப் பிந்தைய முதல் பட்டத்தை வென்றது. பால்டிமோர் ஓரியோல்ஸ் இதன் முதல் பாதியை அற்புதமாகச் செய்தது. 2019இல் முதலிடத்தில் ஆட்லி ரட்ச்மன், அதே ஆண்டு 42ஆம் இடத்தில் கன்னர் ஹெண்டர்சன். 2021இல் 110 தோல்வி, 2023இல் 101 வெற்றி. ஆனால் அந்த ஆண்டுகளில் முதல் சுற்றில் பிட்ச்சரே எடுக்காத அணி, வெளியிலிருந்து பிட்ச்சர்களை வாங்கவும் தயங்கியது. ஓராண்டுக்கு வந்த பிட்ச்சர் கார்பின் பர்ன்ஸ் 2024க்குப் பிறகு அரிசோனாவுக்குப் போனதும், அவருடைய இடத்தை நிரப்ப ஆளில்லாமல் 2025இல் 87 ஆட்டங்கள் தோற்றுப் பிரிவின் கடைசியில் நின்றது. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2023இல் 106 ஆட்டங்கள் தோற்ற கையோடு, அந்தக் குளிர்காலத்தில் பிட்ச்சர்கள் செத் லூகோவையும் மைக்கேல் வாக்காவையும் வாங்கி, தன் இளம் நட்சத்திரம் பாபி விட் ஜூனியருக்குப் பதினோரு ஆண்டு ஒப்பந்தம் தந்து, 2024இல் 86 வெற்றிகளோடு பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்று) போனது. அது பணக்கார நகரத்து அணி அல்ல என்பதைக் கவனியுங்கள்.

சீசன் டிக்கெட் குறித்து: இந்த டிராஃப்டை நம்பி அதைப் புதுப்பிக்க வேண்டாம். கல்லூரி வீரர் பொதுவாக மேலே வர இரண்டு மூன்று ஆண்டுகளும், பள்ளி வீரர் நான்கைந்து ஆண்டுகளும் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் அணி நான்காம் சுற்றுக்குக் கீழே எடுத்தவர்களில் எத்தனை பேர் இப்போது டபுள் ஏ நிலையில் (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள மைனர் லீக்கில்) நன்றாக ஆடுகிறார்கள் என்று பாருங்கள். வீரர்களை வளர்க்கத் தெரிந்த அணியா என்பதை அந்த நிலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். உங்கள் அணியின் டபுள் ஏ மைதானம் காரில் போகும் தூரத்தில் இருந்தால் இந்த ஆண்டு அங்கே சில ஆட்டங்கள் பாருங்கள், டிக்கெட் விலையும் மிகக் குறைவு. அணி அலுவலகம் அவகாசம் தந்தால் முடிவைப் பிப்ரவரி வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் நல்ல பிட்ச்சர் ஒருவராவது வாங்கப்பட்டிருந்தால் புதுப்பியுங்கள், இல்லையென்றால் பிடித்த ஆட்டங்களுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.