அது ஜூலை இல்லை, செப்டம்பர்

வணக்கம். போர்த்துகலின் பிராகா நகரப் பக்கத்து 1740களின் தேவாலய ஞானஸ்நானப் பதிவில் ‘7’ என்று மாதம் போட்டிருக்கிறதே, ஜூலையா என்று கேட்டிருந்தீர்கள். 7ஐ ஒட்டிப் பொடியாக ‘ப்ரோ’ (bro) இருந்தால் அது செப்டம்பர்: போர்த்துகீசிய மொழியில் ஏழு ‘செத்தே’, செப்டம்பர் ‘செத்தெம்ப்ரோ’, அதன் சுருக்கம்தான் இது. அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் எழுத்து (ரோமன் எண்ணில் 10) வந்தால் டிசம்பர்.

இந்தப் பதிவுகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில்தான் ஓடும்: தேதி, குழந்தையின் பெயர், பெற்றோர், ஊர், ஞானப்பெற்றோர், பங்குக் குருவின் கையொப்பம். அதனால் அந்த ஒரு பதிவோடு மல்லுக்கட்டாமல், அதே குருவானவர் எழுதிய முன்பின் பக்கங்களையும் புரட்டுங்கள். ஒன்றில் கிறுக்கியதை இன்னொன்றில் தெளிவாக எழுதியிருப்பார். பெயருக்கு மேலே தூக்கி எழுதிய குட்டி எழுத்துகள் முக்கியம். மரியாவை எம், மேலே ஒரு ஏ என்று முடித்துவிடுவார்கள். படியெடுக்கும்போது பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். அப்புறம், சிக்கலான வரியின் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.